ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில்: லயத்து வீட்டில் என்ன செய்யலாம்?

(தோட்டப் பாடசாலையொன்றில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் எமது நிதியத்தின் கல்விப் பகுதியினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர முடியாமல் போன பெற்றோர் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகின்றோம்.)



ஞாயிற்றுக்கிழமை என்பது துணி துவைக்கிற நாள், விறகு பொறுக்குகிற நாள், கடைக்குப் போகிற நாள். அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகின்றோம்.

நமுனுகுலைப் பக்கம் போனாலும், மடுல்சீமைப் பக்கம் போனாலும், அப்புத்தளை, கொஸ்லந்தைப் பக்கம் போனாலும் 'ஸ்கொலசிப்' என்று பேச்செடுத்தால் பெற்றோர் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "எந்த டியூசனுக்கு அனுப்பினா பாஸாகும்?" இந்தக் கேள்விக்குப் பிறகு வருகின்றோம். அதற்கு முன்னால் இந்தப் பரீட்சை எதற்காக வந்தது, நமது பிள்ளைகளுக்கு அது ஏன் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

1940களில் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா அவர்கள் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் இலவசக் கல்வி வந்தது. கொழும்பு, கண்டிக்கு வெளியேயும் நல்ல மேல்வகுப்புப் பள்ளிக்கூடங்கள் வேண்டுமென்று மத்திய கல்லூரிகள் திறக்கப்பட்டன. காசில்லாத வீட்டுப் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தால் அந்தக் கல்லூரிக்குப் போய்ப் படிக்கட்டும் என்றுதான் புலமைப்பரிசில் பரீட்சை வைக்கப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் காலத்தில் நமது பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லை. தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தன. 1920ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை நிர்வாகத்துக்குக் கொடுத்தது. ஒரே கொட்டில், ஒரே வாத்தியார், நாலைந்து வகுப்பு. அஞ்சாம் வகுப்போடு கதை முடிந்தது. அதற்குப் பிறகு பெயர்ப் பதிவும் கொழுந்துக் கூடையும்தான். 1970களில் அரசாங்கம் இந்தப் பாடசாலைகளைப் பொறுப்பேற்ற பிறகுதான் நிலைமை மெல்ல மெல்ல மாறியது. இங்கே உட்கார்ந்திருக்கிற அப்பாயிமாருக்கு இது நாம் சொல்லித் தெரிய வேண்டிய சங்கதி அல்ல.

இன்னொரு விஷயம். டவுன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளையைச் சேர்க்கப் போனவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். என்ன கேட்டார்கள்? பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறாயா, வீட்டு உறுதி இருக்கிறதா, வாக்காளர் இடாப்பில் எத்தனை வருசமாகப் பெயர் இருக்கிறது என்று கேட்டார்கள். லயத்துக் காம்பராவுக்கு உறுதிக்கு எங்கே போவது? அந்தக் கதவு நமக்கு ஏறக்குறைய மூடின கதவு. ஆறாம் வகுப்புக்குப் புலமைப்பரிசில் மூலம் போகிற கதவில் உறுதி கேட்க மாட்டார்கள். பிள்ளை எடுத்த புள்ளியைத்தான் கேட்பார்கள். பதுளை சரஸ்வதி, பதுளை தமிழ் மகளிர், பண்டாரவளைத் தமிழ் மத்திய கல்லூரி, பசறை, அப்புத்தளைத் தமிழ்ப் பாடசாலைகள் என்று நமது ஊவாவிலேயே நல்ல பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. காணியில்லாதவனுக்கும் அங்கே இடம் கிடைக்க இது ஒரு வழி.

இனிப் பரீட்சையைப் பற்றி. இரண்டு வினாத்தாள்கள். ஒன்றில் 40 வினாக்கள், ஒரு மணித்தியாலம்; யோசிக்கிற திறமையைப் பார்க்கிறது; சரியான விடையைத் தெரிந்து குறிக்க வேண்டும். மற்றதில் 60 வினாக்கள், ஒன்றேகால் மணித்தியாலம். தமிழ், கணிதம், சுற்றாடல், ஆங்கிலம், சிங்களம் என்று படித்த பாடங்களில் இருந்து வரும். சொந்தமாக எழுதவும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 200 புள்ளி. முதலாவது தாளில் ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம், இரண்டாவதில் ஒன்றேகால் நிமிடம் விழுகிறது. இதை ஞாபகத்தில் வையுங்கள். வீட்டில் பழக்கும்போது தேவைப்படும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகின்றோம். நாங்கள் தோட்டம் தோட்டமாகப் போய் அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று திரும்பத் திரும்பத் தெரிந்தது. ஒரு கணக்கை இப்படிக் கேட்டோம்: "ஒரு பெட்டியில் 24 மாம்பழங்கள் உள்ளன. அவற்றில் காற்பங்கு பழுதடைந்தவை. எஞ்சியவற்றை மூவருக்குச் சமமாகப் பகிர்ந்தால் ஒருவருக்கு எத்தனை?" தாளைப் பார்த்துப் பிள்ளை விழிக்கிறது. பென்சிலைக் கடிக்கிறது. அதே கணக்கை வாயால் சொன்னோம்: "இருவத்தி நாலு மாம்பழம், அதுல கால்வாசி அழுகிப் போச்சு, மிச்சத்தை மூணு பேரு சமமாப் பிரிச்சுக்கிட்டா ஆளுக்கு எத்தனை?" "ஆறு" என்று பட்டென்று பதில் வருகிறது.

பாருங்கள், பிள்ளைக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. 'எஞ்சிய' என்ற சொல்தான் தெரியவில்லை. வீட்டில் நாம் மிச்சம் என்கிறோம், தாளில் எஞ்சியது என்று இருக்கிறது. நாம் கால்வாசி என்கிறோம், அங்கே காற்பங்கு. நாம் விலை என்றால் அங்கே பெறுமதி. ஏறுவரிசை, இறங்குவரிசை, தவிர்ந்த, பொருந்தாத, அடுத்துள்ள என்று இப்படி ஒரு முப்பது நாற்பது சொல் இருக்கிறது. டவுன் பிள்ளைக்கு இந்தச் சொற்கள் பத்திரிகையில், புத்தகத்தில், மேடைப் பேச்சில் காதில் விழுந்துகொண்டே இருக்கும். நமது பிள்ளைக்கு வகுப்பறையில் மட்டும்தான் விழுகிறது. அதிலும் "பின்வருவனவற்றுள் பறவை அல்லாதது எது?" என்று கேட்டால், நல்ல பிள்ளைகளே 'அல்லாதது' என்பதைத் தாண்டிப் போய் ஒரு பறவையைத் தெரிந்துவிட்டு வருகிறார்கள். விடை தெரிந்தும் புள்ளி போகிறது. இதுதான் எமக்குப் பெரிய வருத்தம்.

அதனால் எமது முதலாவது யோசனை, ஒரேயொரு யோசனை என்றுகூடச் சொல்லலாம்: பிள்ளையைத் தினமும் அரை மணித்தியாலம் சத்தம் போட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அஞ்சாம் வகுப்பில் தொடங்கினால் பிந்திவிடும். மூன்றாம் வகுப்பில் தொடங்குங்கள்.

"நாங்களே படிக்கலைங்களே, எப்புடி சொல்லிக் குடுக்குறது?" என்று சில தாய்மார் கேட்பீர்கள். நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம். கேட்டால் போதும். மலையில் இருந்து வந்து, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்துவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கிறீர்கள் அல்லவா, அந்த நேரம் பிள்ளையை அடுப்படியிலோ இஸ்தோப்பிலோ உட்கார வையுங்கள். நீங்கள் மாவு பிசையுங்கள், பிள்ளை வாசிக்கட்டும். எழுத்துத் தெரியாத தாய்க்கும் பிள்ளை திக்குகிற இடம் காதுக்குத் தெரியும். "என்னா அங்க நின்னுட்ட? திருப்பி வாசி" என்று சொல்லுங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, "இப்ப என்னா கதைன்னு எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளை புத்தகத் தமிழை வீட்டுத் தமிழில் மாற்றிச் சொல்லும். அந்த மாற்றிச் சொல்லுகிற பழக்கம்தான் வினாத்தாளில் அப்படியே உதவுகிறது. விளங்காத சொல் வந்தால் ஒரு பழைய கொப்பியில் எழுதி வைத்து மறுநாள் ரீச்சரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு சொல் போதும். ஒரு வருசத்தில் எத்தனை சொல் என்று பிள்ளையே கணக்குப் பார்க்கட்டும்.

வாசிக்கப் புத்தகம் இல்லையென்பது மெய்தான். ஆனால் பாடப்புத்தகம் இருக்கிறது, அதை இரண்டு தரம் வாசிக்கலாம். கடையில் சுற்றிக் கொடுக்கிற பேப்பர்த் துண்டு இருக்கிறது. கருவாட்டு வாசனை அடித்தாலும் எழுத்து எழுத்துத்தான். ஞாயிற்றுக்கிழமை வீரகேசரி அல்லது தினகரன் ஒரு லயத்துக்கு ஒன்று வாங்கி நாலு வீட்டில் மாற்றி மாற்றிப் படித்தால் ஆளுக்கு வருகிற செலவு ஒரு பிளேன்ரிக் காசுக்கு மேல் போகாது. கோயில் திருவிழா நோட்டீஸ், மருந்துப் போத்தல் லேபல், சங்கத்துக் கடிதம் எதையும் விடாதீர்கள்.

தொலைக்காட்சி நாடகம் ஓடுகிற காம்பராவில் இது நடக்காது. அதைச் சொல்லாமல் விட முடியவில்லை. அரை மணித்தியாலம் அணைத்து வைத்தால் மாமியார் மருமகள் சண்டை எங்கேயும் போய்விடாது, மறுநாளும் அப்படியேதான் இருக்கும்.

கணிதத்துக்கு வருவோம். இதில் நமது பிள்ளைகளுக்கு வீட்டிலேயே நல்ல பாடம் இருக்கிறது. அம்மா காலையில் 7 கிலோ, பகல் 6 கிலோ, அந்திக்கு ஐந்தரைக் கிலோ நிறுத்தாங்க. மொத்தம் எவ்வளவு? பதினெட்டரை. ஒவ்வொரு நிறுவைக்கும் தண்ணி, சாக்கு என்று ஒரு கிலோ கழித்தால் மிச்சம்? பதினைந்தரை. ஒரு பேருக்கு 18 கிலோ என்றால் இன்னும் எவ்வளவு குறைகிறது? இரண்டரை. கணக்குச் சரியாக வந்தாலும் மனசுக்குச் சரியாக வராது. அது வேறு கூட்டத்தில் பேச வேண்டியது. சம்பளச் சிட்டையையும் பிள்ளையிடம் கொடுங்கள். 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அந்தக் கணக்கில் 14 பேர் விழுந்தால் 18,900 ரூபா. அதில் கடைக்கடன், சந்தா, முற்பணம் என்று வரிசையாகக் கழித்துக் கையில் வருவதைப் பிள்ளை கண்டுபிடிக்கட்டும். பெருக்கல், கழித்தல் இரண்டும் பழகும். அப்பாவின் சம்பளம் எங்கே போகிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தும் போகும். அது சில தகப்பன்மாருக்குப் பிடிக்காமல் இருக்கலாம்.

பஸ் நேரம், ரயில் நேரமும் அப்படித்தான். "பசறையில 6.20க்கு எடுத்த பஸ் 7.05க்குப் பதுளைக்கு வந்தா எத்தனை நிமிசம்?" என்று போகிற வழியில் கேளுங்கள்.

யோசிக்கிற தாளுக்கு மூளைக்கு மருந்து என்று போத்தல் விற்கிறார்கள், அது வேண்டாம். தைப்பொங்கலுக்கு வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறீர்கள். ஏழு புள்ளி, அஞ்சு புள்ளி, மூணு புள்ளி என்று வைத்துப் பாதிக் கோலத்தை நீங்கள் போட்டு, மறுபாதியைப் பிள்ளையைப் போட வையுங்கள், ஆண்பிள்ளையையும் சேர்த்துத்தான். சமச்சீர் என்று தாளில் கேட்பது அதைத்தான். "என் அண்ணனோட மகனுக்கு உன் அப்பா என்ன முறை?" என்று உறவுமுறை கேட்டு விளையாடுங்கள், நமது சனங்களுக்கு முறை சொல்லத் தெரியாதா என்ன? தெமோதரைக்குக் கூட்டிக்கொண்டு போனால், ரயில் வளைந்து வந்து தான் நின்ற ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் போவதைக் காட்டி, வீட்டுக்கு வந்து அதைப் படமாகக் கீறச் சொல்லுங்கள். பதுளைக்கு ரயில் வந்தது 1924இல், ஒன்பது வளைவுப் பாலம் முடிந்தது 1921இல் என்று சொல்லியும் வையுங்கள். வெளிநாட்டுக்காரர் காசு கட்டி வந்து பார்க்கிற இடம் நமது பிள்ளை விறகுக்குப் போகிற வழியில் இருக்கிறது. துன்ஹிந்த நீர்வீழ்ச்சி, நமுனுகுல மலை, பதுளு ஓயா, தேயிலைக் கன்று வைப்பதில் இருந்து தூளாகி வருகிறவரை நடப்பவை எல்லாம் சுற்றாடல் பாடம்தான்.

சிங்களத்தில் நமது பிள்ளைகளுக்குப் பயமில்லை. கடைத்தெருவில் காதுக்குப் பழகியது. எழுத்தை மட்டும் பழக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு ஆசிரியரைத்தான் கேட்க வேண்டும். அந்த ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் இருக்கின்றன. அங்கே பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோர் எழுந்து நின்று கேட்க வேண்டும். வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

இனி டியூசன். நல்ல ஆசிரியர் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வகுப்பு நடத்தினால் அனுப்புங்கள், குறை சொல்லவில்லை. ஆனால் பத்து வயசுப் பிள்ளையைச் சனிக்கிழமை ஒரு டவுன், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு டவுன் என்று வளைவு ரோட்டில் வாந்தி எடுக்க எடுக்கக் கொண்டுபோய், இருநூறு முந்நூறு பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார வைத்து, அந்தியில் நித்திரையோடு கூட்டி வருவதில் என்ன பலன்? அந்த மாசத்துப் பஸ் காசையும் டியூசன் காசையும் கூட்டிப் பாருங்கள். அந்தக் காசுக்கு முட்டையும் பாலும் வாங்கலாம், கடந்த கால வினாத்தாள் கட்டு ஒன்றும் வாங்கலாம். பதுளையில் புத்தகக் கடைகளில் கிடைக்கிறது. போன் வைத்திருக்கிற தம்பிமார் இருந்தால் பரீட்சைத் திணைக்களத்து இணையத்தளத்தில் பழைய தாள்களைப் பார்க்கலாம்.

கடைசி நேரத்தில் 'கெஸ்' என்று தாள் விற்கிறவர்களிடம் ஏமாற வேண்டாம். 2024 செப்டெம்பர் 15 நடந்த பரீட்சையில் என்ன நடந்தது? முதலாவது தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியில் போய்விட்டன. விஷயம் உயர் நீதிமன்றம்வரை போனது. கடைசியில் அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப் புள்ளி கொடுக்கப்பட்டது. பெறுபேறு வர 2025 ஜனவரி ஆகிவிட்டது. காசு கொடுத்துத் தாள் வாங்கின பிள்ளைக்கும் அந்த மூன்று வினாவில் ஒரு புள்ளிகூடக் கூடவில்லை. நாடு முழுக்கப் பிள்ளைகள் மாதக்கணக்கில் தவித்ததுதான் மிச்சம். பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்பே டியூசனும் கருத்தரங்கும் நடத்தக்கூடாது என்று திணைக்களம் தடை போடுகிறது. அந்த நாட்களில் எங்காவது கூப்பிட்டால் போகாதீர்கள்.

வீட்டில் பழக்குவதற்கு ஒரு வழி சொல்கின்றோம். முழுத் தாளையும் ஒரே மூச்சில் செய்ய வைக்க வேண்டாம். பத்து வினாவைக் கொடுங்கள், பதினைந்து நிமிடம். மணிக்கூட்டைப் பார்க்க ஆச்சியை வையுங்கள். தெரியாத வினாவில் குந்திக்கொண்டு இருக்காமல் அடுத்ததுக்குப் போகப் பழக வேண்டும். பிழை விட்ட வினாவைப் பார்த்துத் திட்டாதீர்கள். ஏன் பிழைத்தது என்று பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். அநேகமாக "வாசிக்கலை" என்றுதான் பதில் வரும்.

அடுத்தது கொஞ்சம் மனசு நோகிற விஷயம். பொறுத்துக் கேட்க வேண்டும். "ஸ்கொலசிப் பாஸ் பண்ணலைன்னா உன்னையும் மலைக்குத்தான் அனுப்புவேன்" என்று எத்தனை வீட்டில் சொல்கிறார்கள்! அதைக் கேட்கிற பிள்ளை என்ன நினைக்கும்? அம்மா காலை ஆறு மணிக்கு அட்டைக்கடிக்கும் மழைக்கும் போய்ச் செய்கிற வேலை ஒரு தண்டனை என்று நினைக்கும். படிக்காததால் அம்மா தண்டனை அனுபவிக்கிறாள் என்று நினைக்கும். பதுளைப் பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு அம்மா என்ன வேலை என்று யாராவது கேட்டால் சொல்ல வெட்கப்படுவதும் அங்கே இருந்துதான் தொடங்குகிறது. உங்கள் கூடையில் இருந்துதான் அந்தப் பிள்ளையின் கொப்பியும் சப்பாத்தும் வந்தது. பிள்ளை வேறு வேலைக்குப் போக வேண்டுமென்று ஆசைப்படுங்கள், தாராளமாக. ஆனால் உங்கள் வேலையைப் பேயாகக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள்.

அடியும் வேண்டாம். தமயனோடு, பக்கத்துக் காம்பராப் பிள்ளையோடு ஒப்பிடுவதும் வேண்டாம். நாடு முழுக்க ஒவ்வொரு வருசமும் ஏறக்குறைய மூன்று இலட்சம் பிள்ளைகள் இந்தப் பரீட்சை எழுதுகிறார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டுவது ஆறு, ஏழு பேரில் ஒருவர்தான். மற்றப் பிள்ளைகள் எல்லாம் முட்டாள்களா? பத்து வயதில் ஒரு காலையில் எழுதின இரண்டு தாள் அது. அந்த அந்தியில் வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் தாளை வாங்கி விடையைச் சரிபார்த்து அழ வைக்காதீர்கள், விளையாட விடுங்கள்.

பிள்ளை புத்தகத்தை மூக்கோடு ஒட்டிப் பிடித்து வாசித்தால், கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் சோம்பேறி என்று ஏசாமல் பாடசாலை வைத்தியப் பரிசோதனையில் சொல்லுங்கள், அல்லது பதுளை ஆஸ்பத்திரிக் கண் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். வெறும் வயிற்றோடு வகுப்புக்கு அனுப்பாதீர்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் விழிக்க வைக்காதீர்கள். பரீட்சைக்கு முதல்நாள் புதிதாக எதையும் படிக்க வேண்டாம். பென்சில், பேனை, அடிமட்டம், தண்ணிப் போத்தல், குடை எல்லாவற்றையும் இரவே எடுத்து வைத்தால் போதும். மழைக்காலம் என்றால் மண் சரியும், பஸ் வராது. நிலையம் தூரமாக இருந்தால் முதல்நாளே பக்கத்துச் சொந்தக்காரர் வீட்டில் தங்குவது நல்லது.

பத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பரீட்சைக்கு விண்ணப்பிப்பது பாடசாலைதான். ஆனால் அதில் போகிற பெயர், பிறந்த திகதி பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் இருப்பதுபோல் இருக்க வேண்டும். நமது சனங்களின் பெயர் பத்திரத்தில் படுகிற பாடு உங்களுக்குத் தெரியும். வீட்டில் முத்துலெட்சுமி, இடாப்பில் முத்துலச்சுமி, பத்திரத்தில் சிங்களத்தில் வேறு ஏதோ. சில பிள்ளைகளுக்குப் பத்திரமே இல்லை. பெறுபேறு வந்த பிறகு இதற்கு ஓடினால் நாள் போதாது. நாலாம் வகுப்பிலேயே எடுத்துப் பாருங்கள். பிழை இருந்தால் கிராம சேவகரையும் பிரதேச செயலகத்தையும் கேட்டுத் திருத்துங்கள். எல்லாப் பத்திரங்களையும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ஓடுகிற நேரம் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை ஊவாவில் யாரும் மறக்க மாட்டோம். மண்ணுக்குள் போனதில் பத்திரங்களும் உண்டு.

பெறுபேறு வந்த பிறகு இரண்டு வெட்டுப்புள்ளிகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று மாவட்டத்துக்கும் மொழிக்கும் ஏற்பத் திணைக்களம் அறிவிப்பது. அதைத் தாண்டிய, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குத்தான் மாதாந்தப் பணம். 750 ரூபாவாக இருந்த அந்தப் பணம் 2025 வரவு செலவுத் திட்டத்தில் 1,500 ரூபாவாக்கப்பட்டது. வருமானப் படிவத்தைக் கொடுக்காமல் விட்டதால் அதை இழந்த குடும்பங்கள் உண்டு. மற்றது ஒவ்வொரு பாடசாலையும் ஆறாம் வகுப்புக்கு எடுக்கிற புள்ளி. அது பாடசாலைக்குப் பாடசாலை மாறும். மாவட்ட வெட்டுப்புள்ளி வந்துவிட்டது என்பதால் விரும்பிய பாடசாலை கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பாடசாலைகளை விருப்ப வரிசையில் கேட்கும்போது அதிபரோடு உட்கார்ந்து யோசித்து எழுதுங்கள்.

அப்படி எழுதும்போது பள்ளிக்கூடத்தின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். காலையில் எத்தனை மணிக்குப் பஸ், பஸ் நிற்கிற இடத்துக்கு லயத்தில் இருந்து எவ்வளவு நடை, விடுதி இருக்கிறதா, டவுனில் பெரியம்மா, மாமா வீடு இருக்கிறதா, அந்த வீட்டில் பிள்ளை படிக்குமா அல்லது பாத்திரம் கழுவுமா என்பதெல்லாம் பார்க்க வேண்டும். தினமும் நாலு மணித்தியாலம் பஸ்ஸில் போகிற பெரிய பள்ளிக்கூடத்தைவிட, பசறையிலோ லுணுகலையிலோ நடந்து போகிற நல்ல பள்ளிக்கூடம் சில பிள்ளைக்குச் சரியாக இருக்கும். பெண்பிள்ளைக்கு இடம் கிடைத்தால் "பொம்பளப் புள்ளைய எப்புடி தனியா அனுப்புறது" என்று நிறுத்திவிட வேண்டாம். அதே பஸ்ஸில் போகிற நாலைந்து வீட்டார் சேர்ந்து, முறை வைத்து ஒரு தாயோ தகப்பனோ கூடப் போகலாம். சில தோட்டங்களில் அப்படிச் செய்கிறார்கள்.

போன பிறகும் ஒரு கஷ்டம் இருக்கிறது. தோட்டப் பாடசாலையில் முதலாம் பிள்ளையாக இருந்தது அங்கே இருபதாவது ஆகும். பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். முதல் தவணை அறிக்கையைப் பார்த்து வீட்டார் முகம் சுருங்கினால் பிள்ளை உடைந்து போகும். ஒரு வருசம் பொறுங்கள். இடம் கிடைக்காத பிள்ளைக்கும் ஆறாம் வகுப்பு இருக்கிறது, சாதாரண தரம் இருக்கிறது, அதற்குப் பிறகு உயர்தரத்துக்கு டவுன் பாடசாலைக்கு மாறவும் முடியும். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005இல் வந்தது. அதற்குள் போகிறவர்களிடம் அஞ்சாம் ஆண்டுப் புள்ளியை யாரும் கேட்பதில்லை.

கடைசியாக ஒரு அறிவித்தல். எமது நிதியத்தால் கடந்த கால வினாத்தாள்களும், சிறுவர் கதைப் புத்தகங்களும் போட்ட பெட்டியொன்றைப் பிள்ளைக் காம்பராவில் வைத்திருக்கின்றோம். அங்கே பொறுப்பாக இருக்கிற அக்காவிடம் பெயரைச் சொல்லி ஒரு வீட்டுக்கு ஒன்று எடுக்கலாம். திங்கட்கிழமை எடுத்தால் வெள்ளிக்கிழமை கொண்டுவந்து கொடுக்க வேண்டும். விடைகளைப் பேனையால் எழுத வேண்டாம், பென்சிலால் எழுதுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அழித்துக் கொடுக்க வேண்டும்.